பின்கதவுப் பூட்டு

மாமியார் மறுபடியும் கத்தினாள். காலர் நின்று, இடுப்பில் செருகியிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து வாட்ச்மேனிடம் நீட்டினாள். தினமும் நீட்டுவதுதான். அவரும் அதைத் தினமும் முதல் தடவையாகப் பார்ப்பது போல வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பாவம், அவரும்தான் என்ன செய்வார். பாதுகாப்பாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

மாமியார் என்பது மூன்றாவது மாடியில், தையல் கூடத்து வாசலில், புதிதாகக் கொண்டு வந்து நிறுத்தியிருந்த இரும்புச் சட்டம். உலோகத்தோடு யார் நுழைந்தாலும் விளக்கு எரிந்து கத்தும். தையல்காரிகளிடம் உலோகம் இல்லாமல் இருக்குமா? நூல் வெட்டும் கத்தரி, பாபின் கேஸ், ஊசி மாற்றும் ஸ்க்ரூடிரைவர், சாப்பாட்டு டப்பா, ஊக்கு. எதைக் கொண்டு வந்தாலும் குறை சொல்கிறது என்று வந்த அன்றைக்கே பட்டன்தான் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். பட்டன் என்பது பட்டன் மெஷினில் உட்காருகிறவள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் மெஷின்தான் பெயர். காலர் தைப்பவள் காலர், ஓரம் அடிப்பவள் ஓவர்லாக், பாக்கெட் வைப்பவள் பாக்கெட். பல வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்கூட ஒருத்தியின் சொந்தப் பெயரை அவள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

எங்கோ ஒரு பெரிய ஊரில், ஒரு ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு வந்தவள்தான் இந்த மாமியார். வந்த நாளிலேயே முதலாளி இன்னொரு காரியமும் செய்தார். கூடத்தின் மறுகோடியில், அயர்ன் மேசைகளுக்குப் பின்னால், சந்துக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டுக்கு ஒரு கதவு உண்டு. தலை சுற்றினால் போய் நின்று காற்று வாங்குகிற கதவு. அதற்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். உள்ளே வர ஒரே வழி, வெளியே போகவும் ஒரே வழி என்று இருந்தால்தான் கண்காணிக்க முடியுமாம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. டி.வி.யில் மூன்று நாளாக ஓடிய படங்கள் எல்லோர் கண்ணிலும் இன்னும் இருந்தன. காலருக்கும்தான் இருந்தன.

அவர்களை வேலைக்கு ஏற்றி வரும் வேனில் ஒன்பது பேர் உட்காரலாம். தினமும் எத்தனை பேர் என்று எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி என்றால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வரும்? பக்கக் கதவு சரியாகச் சாத்தாது, கயிற்றால் கட்டியிருக்கும். டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன் என்று லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டுவான். அந்த வேனுக்குள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, கயிற்றுக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ரயில் நிலையத்துக் குண்டைப் பற்றிப் பேசினார்கள். இனிமேல் எங்கே போனாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றாள் பாக்கெட். அந்த நேரம் டிரைவர் எதிரே வந்த தண்ணீர் லாரியிலிருந்து மயிரிழையில் வண்டியை ஒடித்துத் திருப்பினான். யாரும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

காலர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்காரர் அப்படி ஒரு தண்ணீர் லாரியின் கீழேதான் போனார். கம்பெனிக்கு எதிரே இருக்கும் அதே திருப்பத்தில். மறுநாளும் அந்தத் திருப்பம் அப்படியேதான் இருந்தது, இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு வேகத்தடை கேட்டு அலைந்து ஓய்ந்து போனாள்.

அந்த வாரத்தில் வேனில் இன்னொரு மாற்றமும் வந்தது. ஓவர்லாக்குக்குப் பக்கத்தில் திடீரென்று இடம் இருந்தது. அவள் கும்பிடும் சாமி வேறு. அது எல்லோருக்கும் எப்போதும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதுவரை அவள் ஓவர்லாக், அவ்வளவுதான். குண்டுக்குப் பிறகு அவள் 'அவங்க' ஆகிவிட்டாள். அவள் ஏறியதும் பேச்சு நின்றுவிடும். மாமியார் எல்லோரையும் பார்த்துத்தான் கத்தினாள் என்றாலும் வாட்ச்மேன் பையைக் கொட்டச் சொன்னது ஓவர்லாக்கை மட்டும். இதில் காலரும் உத்தமி இல்லை. அவளும் ஒரு நாள் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஓவர்லாக் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கக் காலருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் எழுந்து போய் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

இதற்கிடையில் கூடத்தில் கருகல் வாடை வர ஆரம்பித்தது. ஒரே சுவர் பிளக்கில் நான்கு அயர்ன் பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். பிளக் பழுத்துப் பழுப்பாகிக் கறுத்தும் போயிருந்தது. அதற்கு மிக அருகில் இருப்பது ஓவர்லாக் மெஷின்தான். அவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக் புது வயர் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டான். பாதுகாப்புக்கு இந்த மாதம் ஏகப்பட்ட செலவாகிவிட்டது, வயரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. வாடை எல்லோருக்கும்தான் வந்தது. நாள்பட நாள்பட அதுவும் பழகிவிட்டது.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனியில் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். மெஷின் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி, சேர்த்து வைத்துக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துளி குறைந்தாலும் அந்த லைனே நிற்கும். தைப்பது குழந்தைகளின் பள்ளிக்கூடச் சட்டை, ஊசி முனை அதில் போய்விடக் கூடாது இல்லையா. ஓவர்லாக் அதில் கெட்டிக்காரி. யாருக்கு ஊசி உடைந்தாலும் வந்து குனிந்து, தரையைத் தடவித் துண்டைக் கண்டுபிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு எழுவாள். குழந்தைக்குக் குத்தக் கூடாது என்பதில் அவளுக்கு இருந்த அக்கறை, பார்க்கவே நன்றாக இருக்கும்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் சூடுபிடித்த நேரம். டமார் என்று ஒரு சத்தம், சுவரில் ஒரு நீல வெளிச்சம், குபுகுபுவென்று புகை. வாசல் பக்கம் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்தான் முதலில் குரல் கொடுத்தான், குண்டு, குண்டு என்று. அவனுக்கு வீடியோ வீடியோவாகக் குண்டு பார்த்தே பழக்கம். அந்தக் கூடத்தில் எந்த வயர் எப்போது வெடிக்கும் என்று மற்ற எவரையும் விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும், ஆனாலும் அவன் வாயில் அந்த நேரம் வந்தது அந்தச் சொல்தான்.

மொத்தக் கூடமும் வாசலுக்கு ஓடியது. காலரின் கால்கள் மட்டும் பழைய பழக்கத்தில் பின்கதவுக்குப் போயின. அயர்ன் மேசைகளைத் தாண்டிப் போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள், ஆட்டினாள், தோளால் முட்டினாள். பூட்டு சங்கிலி போலக் கலகலத்ததே தவிர, கதவு அசையவில்லை. இருமிக்கொண்டே திரும்பியபோது அவள் கண்டது ஓவர்லாக்கை. எல்லோரும் ஒரு பக்கம் ஓட, அவள் ஒருத்தி புகைக்குள் எதிர்ப்பக்கம் போய், ஒரு சட்டைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்விட்ச் போர்டில் மெயின் ஸ்விட்சைப் பிடித்துக் கீழே இறக்கினாள். விளக்கு அணைந்தது. சுவரில் பொறி நின்றது. பிறகு அவள் அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

வாசலில்தான் உண்மையான ஆபத்து நடந்தது. அத்தனை பேரும் ஒருத்தர் நுழையும் அகலத்தில் இருந்த மாமியாருக்குள் ஒரே நேரத்தில் புகுந்தார்கள். கரண்ட் போனாலும் மாமியாருக்குப் பேட்டரி உண்டு. அவள் கத்திக்கொண்டே இருந்தாள், கத்திக்கொண்டே சாய்ந்தாள், பட்டனின் கை மேலே விழுந்தாள். விழுந்த அந்தச் சட்டத்தின் மேல் பிறகு எத்தனை கால்கள் ஏறின என்று யாருக்கும் தெரியாது. பெயர் வைத்தவளுக்கே முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கருகிய பிளக்கைப் பார்த்துவிட்டு ஒருவர் சிரித்தே விட்டார். ஷார்ட் சர்க்யூட், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குள் சேதி ஊர் சுற்றி வந்துவிட்டது. காலர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவள் மகனின் போனில் அவள் கம்பெனியில் குண்டு வெடித்திருந்தது. வைத்தது யார் என்பதும் அதில் இருந்தது.

"அந்தப் பொம்பளைகூடத்தானே நீ சாப்பிடுவே? தள்ளியே இரும்மா. அவங்களை நம்ப முடியாது" என்றான் மகன். சொல்லிவிட்டு, பிரேக் சரியாகப் பிடிக்காத பைக்கில் ஏறி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அப்பா போன அதே ரோட்டில் பறந்தான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காலருக்கு ஒரு கோபம் வந்தது. அது மகன் மேல் மட்டும் வந்த கோபம் இல்லை. இத்தனை நாள் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயந்துகொண்டிருந்தோமே என்று தன் மேலேயே வந்த கோபம்.

மறுநாள் வேனில் அவள் நேராகப் போய் ஓவர்லாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஓவர்லாக், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் தள்ளிப் போய் உட்கார்ந்தே?"

"பயந்துட்டேன்."

"என்னைப் பார்த்தா?"

"டி.வி.யைப் பார்த்து."

ஓவர்லாக் சிரிக்கவில்லை. மன்னித்ததாகவும் தெரியவில்லை. ஆனால் வேன் திருப்பத்தில் குலுங்கியபோது, கயிற்றுக் கதவுப் பக்கம் சரிந்த காலரின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாமியாரை மறுபடி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலும் குரல் போகவில்லை. காலர் உட்காருவதற்குள் சூப்பர்வைசர் வந்து, முதலாளி கூப்பிடுகிறார் என்றார்.

கண்ணாடி அறையில் முதலாளி அவளை உட்காரச் சொன்னதே அதுதான் முதல் தடவை. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. பண்டிகைக்கு முன்பணம் தருவார், சாவுக்கு வருவார். அன்று அவர் முகம் தூங்காத முகமாக இருந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மத்தியானம் ஆள் அனுப்புகிறார்கள் என்றார். வயரிங் கோளாறு என்று அவர்கள் எழுதிவிட்டால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் எல்லோருக்கும் சோறு போய்விடும். அதுவே யாரோ ஒருத்தி போர்டில் கை வைத்துக் கெடுத்துவிட்டாள், அவளை நிறுத்தியாகிவிட்டது என்றால் விஷயம் அதோடு முடியும். பின்பக்கம் நின்றது காலர் மட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ பொய் சொல்ல வேணாம். பார்த்ததைச் சொன்னாப் போதும். அவ போர்டுகிட்ட நின்னா. அவ்வளவுதான்" என்றார். பிறகு சும்மா ஞாபகம் வந்தது போல, மகனுக்கு குடோனில் ஒரு வேலை கேட்டிருந்தாளே, அது காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

காலர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். சம்மதத்துக்கு ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. குடோன் வேலைக்குப் போய்விட்டால் அவன் அந்தப் பைக்கில் ஊரெல்லாம் பார்சல் கொண்டு போக வேண்டாம். ஒரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது. அறையிலிருந்து தன் மெஷினுக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில் அவள் மனம் எத்தனையோ கணக்குப் போட்டது. பாதி உண்மைதானே, வாயைத் திறந்து ஒரு வாக்கியம், அத்தோடு சரி. ஓவர்லாக்குக்கு வேறு கம்பெனி கிடைக்காதா? கிடைக்காது. குண்டு வைத்தவள் என்று பெயர் வாங்கியவளை எந்தக் கம்பெனி சேர்க்கும்? போலீஸ் மறுபடி வந்தால் இரண்டாவது தடவை சிரிக்குமா என்பதும் சந்தேகம்.

மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் நிற்கச் சொன்னார்கள். முதலாளி நடுவில் வந்து நின்று, பாதுகாப்பு, குடும்பம், நம்பிக்கை என்று பொதுவாகக் கொஞ்சம் பேசினார். பிறகு காலர் பக்கம் திரும்பினார். ஓவர்லாக் தன் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுட்டுக்கொண்ட அவள் கையில் ஒரு துணி சுற்றியிருந்தது. அவள் காலரைப் பார்க்கக்கூட இல்லை, எப்படியும் இப்படித்தான் முடியும் என்று முடிவு கட்டியவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் காலரைச் சுட்டது.

"பார்த்தேன்" என்றாள் காலர். "அவ போர்டுகிட்டதான் நின்னா. நாம எல்லாரும் குண்டு குண்டுன்னு ஓடினப்போ அவ ஒருத்திதான் மெயினை இறக்கினா. இல்லேன்னா இன்னிக்கு இங்க நின்னு பேச யாரும் இருந்திருக்க மாட்டோம்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். காலர் அவரை விடாமல் தொடர்ந்து பேசினாள்.

"நான் எப்படிப் பார்த்தேன்னு கேளுங்க சார். பின்கதவைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருந்தேன். பூட்டியிருந்துச்சு."

"அது உங்க பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டும்மா. வெளியிலேர்ந்து எவனாவது வந்து..."

"வெளியிலேர்ந்து எவனோ வருவான்னு எங்களை உள்ளே வச்சுக் கொளுத்திடாதீங்க சார். என் வீட்டுக்காரரை லாரி அடிச்சுது. அந்த லாரி எந்தச் சாமியைக் கும்பிட்டுதுன்னு யாரும் என்கிட்ட கேக்கலை. எதிர்ல இருக்கிற ரோட்டுல ஒரு வேகத்தடைகூடப் போடலை. செத்தவர் செத்துட்டார், அவ்வளவுதான். இப்போ மட்டும் எதுக்கு இவளோட சாமியைத் தேடுறீங்க? கருகுதுன்னு இவ சொன்னப்போ தேடியிருக்கலாமே, அந்த வயரை."

யாரும் கை தட்டவில்லை. பாக்கெட் மட்டும் மூக்கை உறிஞ்சினாள். முதலாளியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வேலை வேண்டாம் என்றால் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம், அவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று ஓவர்லாக்கைக் காட்டினார். காலர் கதவுச் சாவியைக் கேட்டாள். தர முடியாது என்றார்.

சரி என்று காலர் தன் ஸ்டூலைத் தூக்கினாள். கணக்கை முடித்துக்கொண்டு போகத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வாசல் பக்கம் போகவில்லை. அயர்ன் மேசைகளைத் தாண்டிப் பின்கதவுக்குப் போய், ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி, இடுப்பிலிருந்து அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பூட்டை உடைக்க அவளால் முடியாது. ஆனால் கதவின் கீல் உள்பக்கம்தான் இருந்தது. மேல் கீலின் முதல் ஸ்க்ரூவில் வைத்துத் திருகினாள். பெயின்ட் அடித்து அடித்து மூடிப்போன ஸ்க்ரூ அது. ஊசி மாற்றுகிற ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி அவள் விரலைக் கீறியது.

போலீஸைக் கூப்பிடுவேன் என்று முதலாளி பின்னாலிருந்து சொன்னார். கூப்பிடுங்கள், அவர்களும் வந்து இந்தக் கதவைப் பார்க்கட்டும் என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவர் போனைக் கையில் எடுத்தார், எடுத்தபடியே நின்றார். ஓவர்லாக் தன் இடத்தை விட்டு மெதுவாக நடந்து வந்து ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பாக்கெட் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, ஆனால் மெஷினில் உட்காரவும் இல்லை.

ஸ்க்ரூ அசையவில்லை. காலரின் விரலிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. அப்போது கீழேயிருந்து ஒரு கை மேலே நீண்டது, அதில் தடித்த பிடி போட்ட பெரிய ஸ்க்ரூடிரைவர். மெக்கானிக். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை.

"இதுல திருகுங்க அக்கா. முதல்ல உள்ளே அழுத்தணும்" என்றான்.

அவள் அழுத்தினாள். பெயின்ட் சிதறியது. ஒரு முனகலோடு ஸ்க்ரூ கால் சுற்றுச் சுற்றியது, அப்புறம் அரை, அப்புறம் தானாகவே வந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே நூல் போல ஒரு வெளிச்சம் விழுந்தது. ஸ்க்ரூ கழன்று விழப் போன நேரத்தில் ஓவர்லாக் துணி சுற்றாத கையை நீட்டி அதைப் பிடித்தாள். உடைந்த ஊசித் துண்டை மூடுவது போல உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"அடுத்தது" என்றாள்.